மங்கிப்போன கார் பெயின்ட்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

சென்னையில் டீட்டெய்லிங் (வண்டியின் வெளிப்பூச்சைச் சுத்தம் செய்து மெருகேற்றும்) வேலைக்கு வரும் பழைய வண்டிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கதையோடுதான் வருகின்றன. வெளிநாடு போனவர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நிறுத்திவிட்டுப் போனது, அப்பா ஓட்டிக்கொண்டிருந்து இப்போது யாரும் தொடாதது, செகண்ட் ஹேண்டில் விலை குறைவாகக் கிடைத்தது. கொண்டுவருகிறவர் கேட்பதும் ஒன்றுதான்: "ஒரு ரப்பிங் போட்டுப் பளபளன்னு ஆக்கிக் குடுங்க." பல வண்டிகளுக்கு ரப்பிங்கே தேவைப்படாது. சில வண்டிகள் ரப்பிங் போட்டால் கெட்டுப்போகும்.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத பூச்சு ஒன்று உண்டு. கிளியர் கோட் என்பார்கள். ஃபேக்டரியில் அடித்த கிளியர் கோட் சுமார் 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடித் தடிமன்கூட இருக்காது. ரப்பிங், பாலிஷ் எல்லாமே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுக்கும் வேலைதான். எடுத்தது திரும்ப வராது. அதனால்தான் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாத வழியை முதலிலும், பெயின்ட்டைச் சீவும் வழியைப் பிறகும், பட்டறைக்கு விடுவதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம்.

## எதையும் தொடும் முன்

வண்டியை நிழலில் நிறுத்தி, பானெட்டைத் தொட்டால் சூடு தெரியாத நேரத்தில் கழுவுங்கள். காலை 8 மணிக்கு முன், அல்லது மாலை 5 மணிக்குப் பின். முதலில் வெறும் தண்ணீர் அடித்து மண்ணைத் தள்ளுங்கள். பிறகு இரண்டு பக்கெட்: ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் துணி அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே வாருங்கள். துணி துவைக்கும் சோப்புத் தூள் வேண்டாம். கரையாத துகள் கீறும். பழைய பனியனும் வேண்டாம். மைக்ரோஃபைபர் துணிக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

காய்ந்த பின் மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு பகுதியாகப் பாருங்கள், உள்ளங்கையால் தடவுங்கள். கண்ணில் படுவதைப் படம் எடுத்து வையுங்கள். கடைக்குப் போனால் பேச அது உதவும்.

## அறிகுறி 1: கழுவிய பிறகும் கையில் சொரசொரப்பு

மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவுங்கள். வெறுங்கையில் தெரியாத துகளும் பை வழியாகத் தெரியும்.

சின்னச் சின்ன ஆரஞ்சுப் புள்ளி இருந்தால்: இரும்புத் துகள். ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில், வெல்டிங் பட்டறைக்கு எதிரில் நிறுத்திய வண்டிகளில் அதிகம். அயர்ன் ரிமூவர் தெளித்தால் ஊதா நிறமாக வழியும். காய விடாமல் கழுவுங்கள். நாற்றம் கடுமையாக இருக்கும், மூடிய கராஜில் செய்யாதீர்கள்.

கறுப்பாக, பிசுக்காக இருந்தால்: கீழ்க் கதவுப் பகுதியில் என்றால் தார். மண்ணெண்ணெய் நனைத்த துணியை அரை நிமிடம் மேலே வைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். ரப்பர் பீடிங்கில் படக் கூடாது.

சாம்பல், சிமென்ட், பக்கத்து வீட்டு கேட்டுக்கு அடித்த பெயின்ட் தூறல் என்றால்: எண்ணூர், மணலிப் பக்கம் நிறுத்தும் வண்டிகளில் சாம்பல் சகஜம். இதற்கு க்ளே பார், அதாவது ஒட்டிய துகளைப் பிடுங்கி எடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி. ஷாம்பு தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்டுங்கள். கட்டி அழுக்கானால் மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். கீழே விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போடுங்கள். மண்ணோடு ஓட்டினால் வண்டி முழுக்கக் கோடு விழும்.

இதற்கெல்லாம் கடைக்குப் போக வேண்டியதில்லை. கறுப்பு வண்டி மட்டும் விதிவிலக்கு. க்ளே ஓட்டிய லேசான தடம்கூடக் கறுப்பில் தெரியும், பின்னாலேயே ஒரு பாலிஷ் வேண்டியிருக்கும்.

## அறிகுறி 2: வெள்ளை வட்டம், துளித் துளியாகத் திட்டு

சென்னை வண்டிகளின் முதல் எதிரி வெயில் என்று நினைப்பார்கள். நான் தண்ணீரைத்தான் சொல்வேன். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் வரும் குடியிருப்புகளில், ஓஎம்ஆர் பக்கம் குறிப்பாக, கழுவிவிட்டுத் துடைக்காமல் விட்ட ஒவ்வொரு துளியும் காய்ந்து சுண்ணாம்பு உப்பை விட்டுப் போகிறது. அடுத்த நாள் வெயில் அதைச் சுட்டுப் பதிய வைக்கிறது.

முதலில் விரலால் தடவிப் பாருங்கள். இங்கே வழி மூன்றாகப் பிரிகிறது.

திட்டு மேடாக இருக்கிறது. உப்பு இன்னும் மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரி பாதி கலந்து, துணியில் நனைத்து, நிழலில் ஓரிரு நிமிடம் போர்த்தி வையுங்கள். துடைத்துவிட்டு நிறையத் தண்ணீர் விட்டு அலசி, ஷாம்பு போடுங்கள். தேவையானால் இன்னொரு முறை. பாத்ரூம் கழுவும் ஆசிட்டை எடுக்காதீர்கள். திட்டு போகும், கூடவே குரோம் பட்டையும் அலுமினிய மோல்டிங்கும் போகும்.

மேடு இல்லை, ஆனால் வட்டம் தெரிகிறது. உப்பு கிளியர் கோட்டைத் தின்று தடம் விட்டிருக்கிறது. வினிகர் இனி வேலை செய்யாது. மென்மையான ஃபோம் பேடில் ஃபினிஷிங் பாலிஷ் (மிகக் குறைவாகச் சீவும் பாலிஷ்) போட்டு இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மட்டும் சோதியுங்கள். போனால் அதே அளவில் மற்ற இடத்துக்கும் செய்யலாம். போகவில்லை என்றால் நிறுத்திவிட்டு, பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் வைத்திருப்பவரிடம் கொண்டு போங்கள். அடுத்த படி 2000, 3000 நம்பர் உப்புத்தாளில் ஈரத்தோடு தேய்ப்பது. அதை அளக்காமல் செய்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஒரே கோட்டில், கெட்டியாக, வெள்ளையாக வழிந்திருக்கிறது. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நிற்கும் வண்டியா? மேல் தளத்தின் கான்கிரீட் வழியாகக் கசியும் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு சொட்டுகிறது. நகத்தால் சுரண்டினால் கீறும். வினிகர்த் துணியைப் பலமுறை போர்த்தி இளக வைத்துத்தான் எடுக்க வேண்டும். நுரை வந்தால் கரைகிறது என்று அர்த்தம். எடுத்த பிறகு அடியில் தடம் இருந்தால் மேலே சொன்ன இரண்டாவது வழி. கசிவை அசோசியேஷனில் சொல்லிச் சரிசெய்யும் வரை வண்டியை அந்த இடத்தில் விடாதீர்கள்.

கண்ணாடியிலும் இதே திட்டு இருக்கும். அதற்குக் கண்ணாடிக்கான தனி பாலிஷ் உண்டு. பெயின்ட் காம்பவுண்டை (பாலிஷைவிட அதிகம் சீவும் பசை) வைத்து மணிக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம்.

## அறிகுறி 3: வெயிலில் சிலந்திவலை மாதிரிக் கோடு

நிழலில் வண்டி நன்றாகத்தான் தெரியும். வெயிலிலோ பெட்ரோல் பங்க் விளக்கிலோ நிறுத்தினால் பானெட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள். தினமும் காலையில் ஒரே பக்கெட் தண்ணீரில் பத்து வண்டியைத் துடைக்கும் பழக்கம்தான் இதற்குப் பெரிய காரணம். முந்தின வண்டியின் மண் அந்தத் துணியில் இருக்கிறது. துடைப்பவர் மேல் தப்பில்லை. அவருக்குக் கொடுத்திருப்பது ஒரு பக்கெட்டும் ஒரு துணியும்தான். நல்ல மைக்ரோஃபைபர் துணி நான்கு வாங்கிக் கொடுத்து, தினமும் துடைப்பதற்குப் பதில் வாரம் ஒருமுறை கழுவச் சொல்லுங்கள். தூசி படிந்த வண்டி மேல் கவரை இழுத்துப் போடுவதும் காற்றில் அது ஆடி உரசுவதும் அதே கோடுகளைத்தான் போடும்.

மூல காரணத்தை நிறுத்தாமல் பாலிஷுக்குக் காசு கொடுப்பது வீண். ஆறு மாதத்தில் கோடுகள் திரும்பி வரும்.

சரிசெய்ய, முதலில் அறிகுறி 1-இல் சொன்ன சுத்தம் முழுவதும் முடிந்திருக்க வேண்டும். பிறகு டிஏ பாலிஷரில் (சுழன்றுகொண்டே அசைந்தும் ஓடும் டூயல் ஆக்‌ஷன் மெஷின்) மென்மையான பேடும் ஃபினிஷிங் பாலிஷும். அதில் போகாவிட்டால் அதே பாலிஷ், கொஞ்சம் கடினமான பேட். அதிலும் போகாவிட்டால்தான் காம்பவுண்ட். காம்பவுண்ட் போட்ட இடத்தை ஃபினிஷிங் பாலிஷ் போட்டு முடிக்க வேண்டும். பாடி லைன், கதவு ஓரம், பானெட் விளிம்பு எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அங்கே பெயின்ட் மற்ற இடத்தைவிட மெலிசு.

டிஏ பாலிஷர் வீட்டில் கற்றுக்கொள்ளக்கூடியது. ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷின் அப்படி இல்லை. ஒரே இடத்தில் ஒரு கணம் கூடுதலாக நின்றாலும் சூட்டில் கிளியர் கோட்டைத் தின்றுவிடும். ரோட்டரி வேண்டிய நிலை வந்தால் அனுபவமுள்ளவரிடம் விடுங்கள்.

எல்லாக் கோட்டையும் எடுத்தாக வேண்டும் என்றும் இல்லை. தினமும் ஓடும் வண்டியில் ஆழமான சில கோடுகளை விட்டுவிட்டு கிளியர் கோட்டைக் காப்பாற்றுவதுதான் நல்ல வேலை. கோடே இல்லாமல் எடுத்துக் காட்டுகிறேன் என்று அளக்காமல் வாக்குக் கொடுப்பவரைவிட, இவ்வளவுதான் எடுக்க முடியும் என்று சொல்பவரை நம்பலாம்.

## அறிகுறி 4: பளபளப்பே இல்லை, சாக்பீஸ் பூசியது மாதிரி

ரூஃபும் பானெட்டும் மங்கி, கதவுகள் சுமாராக இருந்தால் வெயில் வேலை. மறைவான ஓர் இடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் வைத்துக் கையால் தேய்த்துப் பாருங்கள்.

துணியில் வண்டியின் நிறம் வந்தால்: பெரும்பாலும் கிளியர் கோட் இல்லாத பழைய முறைப் பெயின்ட். அம்பாசடர், பத்மினி காலத்து வண்டிகளிலும், பட்டறையில் பழைய முறையில் மறுபெயின்ட் அடித்த வண்டிகளிலும் பார்க்கலாம். ரோஸ் நிறமாகிவிட்ட சிவப்பு வண்டி பாலிஷில் மறுபடி சிவப்பாக வருவது இந்தப் பெயின்ட்டில்தான். இங்கே தேய்ப்பது நிறத்தையே எடுக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பளபளப்பு வந்ததும் நிறுத்தி வாக்ஸ் (பாதுகாப்பு மெழுகு) போடுங்கள். வாக்ஸ் இல்லாமல் விட்டால் சில மாதத்தில் மறுபடி மங்கும்.

துணியில் நிறம் வரவில்லை, தேய்த்த இடம் பளிச்சென்று ஆனது: கிளியர் கோட்டின் மேல்பரப்பு மட்டும் மங்கியிருக்கிறது. அறிகுறி 3-இன் வழியே போதும். உழைப்புக்கு அதிகப் பலன் தரும் நிலை இதுதான். கேட்பாரற்றுக் கிடந்த வண்டி ஒரே நாளில் ஆளே மாறி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

தேய்த்தும் பால் மாதிரி வெளுப்பு உள்ளேயே நிற்கிறது: கிளியர் கோட் உள்ளேயே கெட்டுவிட்டது. பாலிஷால் தீராது. அறிகுறி 7-க்குப் போங்கள்.

ஹெட்லைட் மஞ்சளாவதும் இதே வெயில்தான், ஆனால் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தெளியும். மேலே யூவி பூச்சு போடாமல் விட்டால் விரைவில் மறுபடி மஞ்சளாகும்.

## அறிகுறி 5: எச்சம், மரப்பிசுக்கு, பழக்கறை

எச்சத்தை எப்போதும் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள். ஈரத் துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்து, ஊறியதைத் தூக்கி எடுங்கள். அதில் உள்ள அமிலமும் வெயிலில் இளகிய கிளியர் கோட்டும் சேர்ந்தால் சில மணி நேரத்திலேயே தடம் விழும்.

மாமரம் பூக்கும் பருவத்தில் அதன் கீழே நிறுத்திய வண்டி முழுக்கப் பிசுபிசுப்பாக இருக்கும். தத்துப்பூச்சி விடும் இனிப்புத் திரவம் அது. அன்றே கழுவினால் தண்ணீரில் போகும். விட்டால் மேலே கரும்பூசணம் பிடிக்கும், அப்போதும் ஷாம்புவில் ஊற வைத்தால் போகும். கெட்டியான பிசினுக்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை ஒற்றி இளக்குங்கள். நாவல் பழமும் வவ்வால் எச்சமும் விட்ட ஊதாக் கறை, வெள்ளை வண்டியில் மிரட்டும். பெரும்பாலும் கழுவி, வெயிலில் சில நாள் விட்டாலே வெளுத்துவிடும். அவசரப்பட்டு காம்பவுண்ட் போட வேண்டாம்.

எச்சத்தின் கீழே கிளியர் கோட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் அது பாலிஷ் வேலை இல்லை. அந்தப் பகுதிக்குப் பெயின்ட்.

## அறிகுறி 6: தனிக் கீறல்

இரண்டு சோதனை. கீறலில் தண்ணீர் தடவுங்கள்: மறைந்தால் அது கிளியர் கோட்டில் மட்டும் இருக்க வாய்ப்பு அதிகம். நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள்: நகம் சிக்கினால் ஆழம்.

இன்னொரு வண்டி உரசியதா? கீறல் மாதிரித் தெரிவது பல சமயம் அந்த வண்டியின் பெயின்ட் ஒட்டியதுதான். ஆல்கஹால் துணியில் தேய்த்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

மறைகிறது, நகம் சிக்கவில்லை என்றால் கையாலேயே பாலிஷ் போட்டுப் பாருங்கள். நகம் சிக்குகிறது, உள்ளே வெள்ளை அல்லது சாம்பல் நிறம் தெரிகிறது என்றால் டச் அப். பெயின்ட்டின் நிறக் குறியீடு கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்குக் கீழேயோ உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். அதைக் கொடுத்து வாங்குங்கள், கண் மதிப்பில் நிறம் பொருத்த வேண்டாம். இரும்பு தெரிந்தால் தள்ளிப் போடாமல் அந்த வாரமே மூடுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரை ஓரம் என்றால் அன்றே.

நசுங்கலோடு பெயின்ட்டும் போயிருந்தால் இன்ஷூரன்ஸ் யோசிக்கலாம். க்ளெய்ம் போட்டால் நோ க்ளெய்ம் போனஸ் போகும். 5 வருடம் க்ளெய்ம் இல்லாதவருக்கு அது ஓன் டேமேஜ் (சொந்த வண்டியின் சேதத்துக்கான) பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி. ஒரு கதவுக்காக அதை விடலாமா என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். நாள்பட்ட மங்கலுக்கும் உரிதலுக்கும் க்ளெய்ம் கிடைக்காது.

## அறிகுறி 7: தோல் உரிவது மாதிரி வெள்ளை விளிம்போடு உரிதல்

இங்கே நிறுத்துங்கள். பாலிஷர், க்ளே, வாக்ஸ் எதுவும் வேண்டாம். கிளியர் கோட் அடிப் பெயின்ட்டை விட்டுப் பிரிந்துவிட்டது. மெஷின் வைத்தால் விளிம்பு மேலும் கிளம்பும். ஹை பிரஷர் வாட்டர் வாஷ்கூட அந்த இடத்தில் அடிக்கக் கூடாது.

எந்த டீட்டெய்லிங் கடையும் இதைச் சரிசெய்ய முடியாது. செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேல் போடும் மெல்லிய பாதுகாப்புப் பூச்சு) போட்டால் நின்றுவிடும் என்று சொன்னால் நம்பாதீர்கள். போக வேண்டிய இடம் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை. உரிந்த இடத்துக்கு மட்டும் கிளியர் அடித்தால் ஓரம் மறுபடி கிளம்பும். அந்தப் பேனல் முழுவதையும் தேய்த்து, நிறமும் கிளியரும் அடிக்கச் சொல்லுங்கள். பெயின்ட் பூத் உள்ள இடமா என்று பாருங்கள். தெருவோரம் அடித்தால் தூசி உள்ளே உறைந்துவிடும். ரூஃபும் பானெட்டும் மட்டும் உரிந்திருந்தால் அந்த இரண்டையும் அடித்துவிட்டு மற்றதைப் பாலிஷ் செய்வதுதான் செலவில் நியாயமான வழி. முழு வண்டியும் அடிப்பதாக இருந்தால் அதே நிறத்தில் அடியுங்கள். நிறம் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றிப் பதிய வேண்டும்.

## அறிகுறி 8: கொப்புளம்

துணி சுற்றிய சிறு காந்தத்தை அந்த இடத்தில் வையுங்கள். பக்கத்து இடத்தைவிடப் பிடிப்பு குறைவாக இருந்தால் உள்ளே பட்டி (நசுங்கலை நிரப்பும் பசை) வைத்திருக்கிறார்கள், அதற்குள் ஈரம் போயிருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் இந்தச் சோதனை செல்லாது.

காந்தம் நன்றாகப் பிடித்தும் கொப்புளம் வீல் ஆர்ச்சிலோ கதவின் அடியிலோ இருந்தால் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் இருக்கும், அவை மண்ணால் அடைத்திருந்தால் மெல்லிய குச்சியால் திறந்துவிடுங்கள். கொப்புளத்தைக் குத்திப் பார்க்காதீர்கள். குத்தினால் வேலையை அன்றே தொடங்க வேண்டியிருக்கும். டிங்கரிங் ஆள் பார்த்துத் துரு எடுக்கட்டும். ஃப்ளோர், கதவுக்குக் கீழே உள்ள சட்டம் (சில்), பில்லர் பக்கம் துரு என்றால் பெயின்ட் பேச்சையே விட்டுவிட்டு முதலில் வெல்டிங். அது பாதுகாப்புப் பிரச்சினை.

வண்டி முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளமாக, மழைக்காலம் முழுவதும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவருக்குள் கிடந்திருந்தால், கவரை எடுத்து நிழலில் சில நாள் காய விடுங்கள். சில அடங்கும். அடங்காதவை பெயின்ட்டுக்கு.

## அறிகுறி 9: பாலிஷ் போட்ட பிறகு வந்த கோளாறு

நாலைந்து வாஷில் கோடுகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. கோட்டை எடுக்கவில்லை, நிரப்பி மறைத்திருக்கிறார்கள். கடையில் பாலிஷ் முடிந்ததுமே தண்ணீர் கலந்த ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை ஒரு மூலையில் துடைக்கச் சொல்லுங்கள். மேலே வாக்ஸோ கோட்டிங்கோ போடும் முன் இதைச் செய்ய வேண்டும். நிரப்பியது அங்கேயே வெளியே வரும்.

வெயிலில் வளைவு வளைவாக நிழல் ஆடுகிறது. ரோட்டரியும் கம்பளிப் பேடும் விட்ட தடம். டிஏ மெஷினில் மென்மையான பேட் போட்டு ஒருமுறை முடித்தால் போகும், புதுச் செலவு கேட்கக் கூடாத வேலை.

விளிம்பில் அடி நிறம் தெரிகிறது. எரித்துவிட்டார்கள். பெயின்ட் தவிர வழியில்லை, செய்தவர்தான் பொறுப்பு. முதலில் எடுத்த படங்கள் இப்போது கைகொடுக்கும்.

கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளைப் பூச்சு. காய்ந்த காம்பவுண்ட். மென்மையான பிரஷ்ஷும் ஷாம்புவும் போதும்.

## கடைக்குப் போகும்போது

மீட்டர் வைத்து ஒவ்வொரு பேனலையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஃபேக்டரி பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து சுமாராக 100 முதல் 150 மைக்ரானுக்குள் காட்டும். ஒரு பேனல் மட்டும் அதைப்போல் இரு மடங்கு காட்டினால் மறுபெயின்ட், பல நூறு காட்டினால் பட்டி. மீட்டர் காட்டுவது மொத்தத் தடிமன், கிளியர் கோட்டை மட்டும் அல்ல. மறுபெயின்ட் பேனலில் எண் பெரிதாக இருப்பதால் தாராளமாகச் சீவலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வழக்கத்தைவிடக் குறைவாக, 80 பக்கம் காட்டும் இடத்தில் ஏற்கெனவே நிறையச் சீவியிருக்கலாம். அங்கே வாக்ஸோடு நிறுத்துங்கள்.

முழு வண்டிக்கும் சம்மதிக்கும் முன் பானெட்டில் ஒரு சோதனைச் சதுரம் செய்து காட்டச் சொல்லி, வெயிலில் பாருங்கள்.

செராமிக் கோட்டிங் கீறலை மறைக்காது. அடியில் உள்ளதை அப்படியே பூட்டி வைக்கும், ஆகவே பாலிஷ் சரியாக முடிந்த பிறகுதான் அது. 9ஹெச் என்பது பென்சில் கடினச் சோதனையில் வரும் எண், கல்லடியைத் தாங்கும் என்று பொருள் இல்லை. கல்லடிக்கு 150 முதல் 200 மைக்ரான் தடிமன் உள்ள பிபிஎஃப் (பெயின்ட் மேல் ஒட்டும் பாதுகாப்பு பிளாஸ்டிக்) படலம் உண்டு. உரியத் தொடங்கிய பெயின்ட் மேலோ சரியாகப் பிடிக்காத மறுபெயின்ட் மேலோ ஒட்டினால், படலத்தை எடுக்கும் நாளில் பெயின்ட்டும் கூட வரும். கோட்டிங் போட்டுக்கொண்டால் எத்தனை நாள் தண்ணீர் படக்கூடாது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அதுவரை துடைப்பவரிடமும் வாட்ச்மேனிடமும் வண்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.